ஏழு மணிக்கு வீடு, எட்டு மணிக்குக் கோழி

புதன்கிழமை. மாலை மணி 7. திருப்பூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளலாம். பனியன் கம்பெனி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் மருமகள் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வருகிறார். கையில் கறுப்புப் பை, அதில் அரை கிலோ கோழி. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போதே மூன்றாம் வகுப்புப் பையன் சொல்லிவிட்டான்: “அம்மா, இன்னிக்குக் கோழி.” செவ்வாயும் வெள்ளியும் அந்த வீட்டில் கவிச்சி கிடையாது. ஞாயிறுவரை காத்திருக்க எட்டு வயதுக்குப் பொறுமை ஏது?

அன்று கோழிக் குழம்பு தட்டுக்கு வந்தபோது மணி 9.45. கேட்டவன் இரண்டு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு ஒன்பது மணிக்கே தூங்கிப்போனான். எழுப்பி ஊட்டிப் பார்த்தார்கள். கண்ணைத் திறக்காமலே ஒரு வாய் வாங்கிக்கொண்டு மறுபடி சாய்ந்துவிட்டான். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கணவர்தான், “அடுத்த தடவை ஆர்டர் பண்ணிக்கலாம், விடு” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஆறுதல்தான் மருமகளுக்கு அதிகம் உறுத்தியது.

வேலைக்குப் போய்வருகிறவர்களின் வீடுகளில் வார நாள் கோழி பெரும்பாலும் இப்படித்தான் முடிகிறது. ஒன்று, பத்து மணிச் சாப்பாடு. இல்லையென்றால் கதவைத் தட்டும் பொட்டலம். பொட்டலத்தில் தப்பில்லை, மாதத்தில் ஒருநாள் அதுவும் சுகம்தான். ஆனால் இரண்டு பிரியாணிப் பொட்டலத்துக்குக் கொடுக்கும் காசில் வீட்டில் நாலு பேரும் வயிறாரச் சாப்பிடலாம் என்பது கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவருக்குத் தெரியாதா?

நேரம் எங்கே போனது?

அந்தப் புதன்கிழமையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

7.10க்குக் கோழியைக் கழுவ எடுத்தார். கொழுப்பை நீக்கி, மஞ்சள் போட்டு, மூன்று தண்ணீர் விட்டு முடிக்க 7.30. கால் கிலோ சின்ன வெங்காயம் உரித்து முடிக்க 7.50. இஞ்சி சீவி, பூண்டு உரித்து, விழுது அரைக்க இன்னொரு பத்து நிமிடம். தயிரும் தூளும் பிசறி, “அரை மணி நேரம் ஊறட்டும்” என்று மூடி வைத்தார். எல்லா சமையல் குறிப்பும் அப்படித்தானே சொல்கிறது? ஊறுகிற நேரத்தில் மல்லி, சோம்பு, கசகசா வறுத்து, தேங்காய் துருவி மிக்ஸியில் போட, பாதியில் கரண்ட் போனது. வந்தபோது 8.45. பிறகு தாளித்து, வதக்கி, குக்கரை மூடி ஐந்து விசில். ஆவி அடங்கக் காத்திருந்து, தேங்காய் விழுது ஊற்றி, கொதிக்க விட்டு, அப்போதுதான் நினைவுவந்து சோறு வைத்து... 9.45.

இந்த இரண்டரை மணி நேரத்தில் கோழி அடுப்பின்மேல் இருந்தது கிட்டத்தட்ட அரை மணிதான். மீதி இரண்டு மணி நேரமும் உரிப்பது, அரைப்பது, கழுவுவது, காத்திருப்பது. எனவே, ‘சீக்கிரம் வேகிற ரெசிபி’யைத் தேடிப் பிரயோஜனம் இல்லை. கோழி ஏற்கெனவே சீக்கிரம்தான் வேகிறது. அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் இருக்கும் வேலைகளில் எதையெல்லாம் விட்டுவிடலாம், எதையெல்லாம் வேறு நேரத்துக்குத் தள்ளலாம் என்று பார்ப்பதில்தான் நேரம் மிஞ்சும்.

நாட்டுக்கோழிக்கு ஏற்பட்ட பக்குவம்

மறுநாள் காலை அத்தை காய் நறுக்கிக்கொண்டே சொன்னதைக் கவனிக்க வேண்டும். “ஏங் கண்ணு, நாட்டுக்கோழின்னா அரைச்சு ஊத்தி அரை நாள் கொதிக்க வெக்கோணும். இது பிராய்லர்தான? இதுக்கு எதுக்கு அத்தனை பாடு?”

பெரியவர் சரியான இடத்தில்தான் கைவைத்திருக்கிறார். கடையில் கிடைக்கும் பிராய்லர் 35 முதல் 42 நாளில் சுமார் 2 கிலோ எடைக்கு வந்துவிடும் குஞ்சு. திருப்பூருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்லடம் வட்டாரத்துப் பண்ணைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அது ஓடி ஆடித் திரிவதற்குள் கடைக்கு வந்துவிடுகிறது. அதனால் தசையை எலும்போடு கட்டியிருக்கும் நார் முற்றுவதில்லை. நாட்டுக்கோழி அப்படியில்லை. மாதக்கணக்கில் மேய்ந்து, கிளறி, வேலி தாண்டிய கால்கள். அந்த நார் இளகிக் குழம்பில் இறங்கத்தான் ஐந்து விசில், ஆறு விசில், நீண்ட கொதி எல்லாம். கனமான மசாலாவும் அந்தக் கறியின் அழுத்தமான ருசிக்கு ஈடுகொடுக்கத்தான்.

அதே பக்குவத்தைப் பிராய்லருக்குச் செய்தால் என்ன ஆகும்? குக்கருக்குள் சூடு ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸைத் தொடும். இளங்கறி ஐந்து விசிலுக்குள் எலும்பை விட்டு நூல் நூலாகப் பிரிந்துவிடும். சாறெல்லாம் குழம்புக்குப் போய், வாயில் சக்கைதான் மிஞ்சும். எலும்போடு இருக்கும் பிராய்லருக்குக் குக்கரில் இரண்டு விசில் தாராளம். திறந்த வாணலியிலேயே சின்னத் துண்டு என்றால் 20 நிமிடத்துக்குள் வெந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைப் பக்குவத்தைப் புதன்கிழமை இரவுக்கு இழுத்துக்கொண்டு வந்ததில் நேரமும் போனது, கறியும் போனது.

பள்ளிபாளையம் கைகொடுக்கும்

வார நாளுக்கு ஏற்ற கோழியைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினால் பள்ளிபாளையம். நாமக்கல் மாவட்டத்தில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே இருக்கும் ஊர். அந்த ஊர்ப் பெயரில் ஓட்டல் ஓட்டலாக விற்கும் பள்ளிபாளையம் சிக்கனில் மல்லித்தூள் கிடையாது, கரம் மசாலா கிடையாது, தக்காளி கிடையாது, அரைத்து ஊற்றும் வேலையும் கிடையாது. சின்ன வெங்காயம், வரமிளகாய், தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், எண்ணெய், உப்பு. கொஞ்சம் இஞ்சி பூண்டு சேர்ப்பவர்களும் உண்டு. அவ்வளவுதான் சாமான். தறி வேலை முடித்து வருகிறவர்களின் பசிக்கு இதைவிடப் பொருத்தமான சமையல் உண்டா என்று தோன்றும்.

நாலு பேருக்கு அரை கிலோ கோழி, 25 சின்ன வெங்காயம், 10 அல்லது 12 நீள வரமிளகாய், 6 பல் பூண்டு, இரண்டு கொத்துக் கறிவேப்பிலை, கால் மூடித் தேங்காய், 4 மேசைக்கரண்டி கடலெண்ணெய், அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் போதும். கடலெண்ணெய் இல்லாவிட்டால் நல்லெண்ணெய் ஊற்றலாம். ரீஃபைண்டு ஊற்றினாலும் குற்றமில்லை, ஆனால் வாசம் ஒரு படி இறங்கும்.

மிளகாயை இரண்டாகக் கிள்ளி, விதையை உதறிவிட வேண்டும். இந்த ஒரு வேலையில் சோம்பேறித்தனம் கூடாது. இங்கே மிளகாய்தான் மசாலா. விதையோடு போட்டால் குழந்தைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள், விதையை நீக்கினால் நிறமும் மணமும் நிற்கும், காரம் பதமாக இருக்கும். தேங்காயைத் துருவ வேண்டாம், கத்தியால் சின்னச் சின்னச் சில்லாகக் கீறிக்கொண்டால் போதும்.

கனமான இரும்பு வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் மிளகாயைப் போட்டு, கறுகுவதற்கு முன்பே கறிவேப்பிலையும் வெங்காயமும் தட்டிய பூண்டும் சேர்த்து வதக்க வேண்டும். வெங்காயம் பொன்னிறமாக வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம், கண்ணாடிபோல் ஆனால் போதும். மீதியைக் கோழியோடு சேர்ந்தே வதங்கிக்கொள்ளும். கோழி, மஞ்சள்தூள், உப்பு சேர்த்து, தீயைக் கூட்டி மூன்று நிமிடம் புரட்டினால் கறி நிறம் மாறும். பிறகு தீயைக் குறைத்து மூடிவிடலாம். கோழியே தண்ணீர் விடும். அடிப்பிடிப்பதுபோல் இருந்தால் ஒரு கை தெளிக்கலாம், டம்ளர் கணக்கில் ஊற்றினால் அது வேறு பண்டமாகிவிடும். 12 நிமிடம் கழித்து மூடியை எடுத்து, தேங்காய்ச் சில்லைப் போட்டு, தீயைக் கூட்டி ஐந்து நிமிடம் சுருள வதக்கினால் எண்ணெய் பிரிந்து வரும்.

தேங்காய்ச் சில்லைக் கடைசியில் போடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முதலிலேயே போட்டால் மெத்தென்று ஆகிவிடும். கடைசியில் போட்டால் ஓரம் மட்டும் சிவந்து, கடிக்கும்போது நறுக்கென்று இருக்கும். சில வீடுகளில் கறியைவிட இதற்குத்தான் சண்டை நடக்கும்.

வெந்ததா என்று சந்தேகம் வந்தால், இருப்பதிலேயே பெரிய துண்டை எடுத்து எலும்போரம் பிய்த்துப் பார்க்கலாம். கறி எளிதாக எலும்பை விட்டு வரவேண்டும், வழியும் சாறு தெளிவாக இருக்கவேண்டும். சமையல் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு இன்னும் சுலபம்: கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டிருந்தால் கவலையில்லை.

இதற்கு ரசமும் சோறும் போதும். தோசை மாவு இருந்தால் இன்னும் விசேஷம். மாவு தீர்ந்துபோன நாளில் கடையில் நாலு பரோட்டா வாங்கிக்கொண்டால் பாவம் ஒன்றும் இல்லை.

கடையிலேயே பாதி வேலை

“குழம்புக்கா, வறுவலுக்கா?” என்று கறிக்கடை அண்ணன் கேட்பார். பலரும் “ஏதாவது போடுங்கண்ணா” என்று சொல்லிவிட்டு போனைப் பார்ப்பார்கள். அந்த ஒரு பதிலில் பத்து நிமிடம் இருக்கிறது. “வறுவலுக்கு, சின்ன பீஸ், கொழுப்பு எடுத்துடுங்கண்ணா” என்று சொன்னால் வீட்டில் கத்தி எடுக்க வேண்டியதில்லை. துண்டு சின்னதானால் வேகும் நேரமும் குறையும்.

எலும்பில்லாத கறி கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அவசரத்துக்கு அது சௌகரியம்தான், பத்து நிமிடத்தில் வெந்துவிடும். ஆனால் எலும்பில்லாக் கறி பெரும்பாலும் நெஞ்சுக்கறி. கொழுப்பு குறைவு. இரண்டு நிமிடம் கூடுதலாக அடுப்பில் இருந்தாலே வறண்டுவிடும். தொடைக்கறி அப்படி இல்லை, கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் மன்னிக்கும். அலுவலகத்திலிருந்து போன் வந்து, ஹோம்வொர்க் நோட்டில் கையெழுத்துப் போட்டு, அடுப்பை மறந்துவிடும் வீடுகளுக்குத் தொடைக்கறிதான் பாதுகாப்பு.

ஊற வைக்க ஓர் இரவு இருக்கிறது

சமையலுக்கு முன்னால் அரை மணி ஊறவைப்பது வார நாளில் இரண்டுங்கெட்டான் வேலை. அரை மணியில் உப்பு மேல்தோலைத் தாண்டிப் பெரிதாக உள்ளே போகாது, சமையல் மட்டும் தள்ளிப்போகும். ஊறவைப்பதென்றால் முந்தின இரவே வைத்துவிட வேண்டும், இல்லையென்றால் நேராக வாணலிதான்.

முந்தின இரவு என்றால் மிளகுக் கோழி கச்சிதம். அரை கிலோவுக்கு மூன்று மேசைக்கரண்டி தயிர், இஞ்சி பூண்டு விழுது, மஞ்சள்தூள், உப்பு. மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில். எலுமிச்சையை இரவு முழுக்க ஊறவிட வேண்டாம். அதன் புளிப்பு கடுமையானது, கறியின் மேல்பக்கம் வெளிறி மாவுபோல் ஆகிவிடும். இறக்கும்போது பிழிந்தால் போதும். மறுநாள் மாலை வெங்காயமும் கறிவேப்பிலையும் வதக்கி, டப்பாவை அப்படியே கவிழ்த்து, மூடி வேகவிட்டு, கடைசி இரண்டு நிமிடத்தில் கொரகொரப்பாகப் பொடித்த மிளகு இரண்டு தேக்கரண்டி. மிளகை முதலில் போட்டால் மணம் ஆவியோடு போய்விடும்.

ஒரே பாத்திரத்தில் முடிய வேண்டும் என்ற நாளுக்குக் குக்கர் கோழிச் சாதம். இதைப் பிரியாணி என்று சொன்னால் ஆம்பூர்க்காரர்களும் திண்டுக்கல்காரர்களும் சேர்ந்து கோபித்துக்கொள்வார்கள். இரண்டு டம்ளர் சீரகச் சம்பா அரிசியை 20 நிமிடம் ஊறப் போட்டுவிட்டு, குக்கரிலேயே பட்டை, கிராம்பு தாளித்து, வெங்காயம், தக்காளி, புதினா, பச்சைமிளகாய் வதக்கி, கோழியையும் மிளகாய்த்தூளையும் உப்பையும் போட்டு ஐந்து நிமிடம் புரட்ட வேண்டும். அரிசி இரண்டு டம்ளர் என்றால் தண்ணீர் மூன்று டம்ளர். கோழியும் தக்காளியும் தண்ணீர் விடும் என்பதால் அதற்குமேல் ஊற்றினால் குழைந்துவிடும். மிதமான தீயில் இரண்டு விசில், பிறகு ஆவி தானாக அடங்கும்வரை திறக்கக் கூடாது. அந்தப் பத்து நிமிடத்தில் வெங்காயம் நறுக்கித் தயிரில் போட்டால் பச்சடி தயார். தேய்க்க வேண்டியது ஒரு குக்கரும் ஒரு கிண்ணமும்தான். இரவு ஒன்பது மணிக்குப் பாத்திரம் தேய்க்கிறவருக்கு இதன் அருமை தெரியும்.

கழுவுவதும் கெடுவதும்

பச்சைக்கோழியைக் கழுவவே வேண்டாம் என்று அமெரிக்க, பிரிட்டன் உணவுப் பாதுகாப்புத் துறைகள் சொல்கின்றன. குழாய்த் தண்ணீர் பட்டுத் தெறிக்கும் துளிகளில் கிருமி பரவி, பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த டம்ளரிலும் நறுக்கக் காத்திருக்கும் கொத்தமல்லியிலும் உட்கார்ந்துகொள்ளும். கறிக்குள் இருக்கும் கிருமியைக் கொல்வது தண்ணீரோ மஞ்சளோ அல்ல, அடுப்புச் சூடுதான்.

சொல்வது சுலபம். கழுவாத கோழியைச் சமைக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்தத் திருப்பூர் வீட்டு அத்தை அன்று மோர்ச்சோறு போதும் என்று எழுந்துவிடுவார். கறிக்கடையின் மரக்கட்டையையும் அதன்மேல் ஒட்டியிருக்கும் எலும்புத் தூளையும் பார்த்தவர்கள் அவரைக் குறைசொல்லவும் முடியாது. அதற்கு நடுவழி ஒன்று உண்டு. குழாயடியில் பிடிக்காமல், அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, மஞ்சள் போட்டு, கோழியை அதில் மெதுவாக அலசி எடுக்க வேண்டும். சிங்க்கைச் சுற்றியிருக்கும் பாத்திரங்களை முன்பே தள்ளிவைத்துவிட்டு, முடிந்ததும் சிங்க்கையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மூன்று தண்ணீர் தேவையில்லை.

பச்சைக்கறி ஃப்ரிட்ஜில் ஓரிரு நாள்தான் தாங்கும். எப்போதும் கீழ்த்தட்டில்தான் வைக்க வேண்டும். மேல்தட்டில் வைத்து, கசிந்த நீர் கீழே இருக்கும் தோசை மாவில் சொட்டினால் மாவும் வீண், வயிறும் வீண். ஃப்ரீசரில் வைப்பதென்றால் அரை அரை கிலோவாகப் பிரித்து, பையில் தட்டையாகப் பரப்பி வைக்கலாம். உருண்டையாக வைத்தால் நடுப்பகுதி கல்லாகவே இருக்கும். காலையில் கிளம்பும்போது ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் மாலைக்குள் பெரும்பாலும் இளகிவிடும். சமையல் மேடையில் காலையிலிருந்து மாலைவரை வெளியே வைத்துவிட்டுப் போவது மட்டும் கூடவே கூடாது. மேலே இளகிய பகுதி, உள்ளே பனிக்கட்டி இருக்கும்போதே, கெட ஆரம்பித்திருக்கும். காலையில் மறந்துவிட்டால், பையை இறுகக் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி, அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் அரை கிலோ ஒரு மணி நேரத்தில் இளகும். அந்த ஒரு மணி நேரமும் இல்லாத நாளில் முட்டைப் பொரியல் இருக்கவே இருக்கிறது.

சமைத்த கோழியை இரண்டு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்கக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மணி நேரமே அதிகம். ஃப்ரிட்ஜில் வைத்த குழம்பை மறுநாள் காலை தளதளவென்று கொதிக்கவிட்டுத் தோசைக்கு ஊற்றிக்கொள்ளலாம், அது அமிர்தம். ஆனால் அதையே குழந்தையின் மதியச் சாப்பாட்டு டப்பாவில் அடைத்து அனுப்புவதைத் தவிர்ப்பது நல்லது. காலை 7.30க்கு மூடிய டப்பா பகல் 12.30க்குத் திறக்கும். அந்த ஐந்து மணி நேரம் பள்ளிப் பையின் வெதுவெதுப்பில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரிவதில்லை.

அடுத்த புதன்கிழமை

கோழியில் எவ்வளவு நேரம் மிச்சம் பிடித்தாலும், சின்ன வெங்காயம் உரிக்க ஒருவர் வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வைத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும் என்பது உண்மைதான். ஆனாலும் யாராவது உட்கார்ந்து உரிக்கத்தானே வேண்டும்?

போன புதன்கிழமை அந்த இருபது நிமிடத்தில் வீட்டில் மற்றவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று மருமகள் யாரிடமும் கேட்கவில்லை. செவ்வாய் இரவு, சீரியல் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு முறத்தில் வெங்காயத்தைக் கொட்டி நடுக்கூடத்தில் வைத்தார், அவ்வளவுதான். முட்டிவலியால் அடுப்படியில் நிற்க முடியாத அத்தை முதலில் கையை நீட்டினார். உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலைக்கு அவருக்கு ஈடு யாரும் இல்லை. எட்டாம் வகுப்புப் பெண் பூண்டை எடுத்துக்கொண்டாள். லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு வந்த கணவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். “கண்ணு எரியுமே” என்றார். “எங்களுக்கு மட்டும் எரியாதாப்பா?” என்றாள் பெண். அவரும் உட்கார்ந்தார். உரித்த வெங்காயம் ஈரமில்லாத டப்பாவில் ஃப்ரிட்ஜுக்குப் போனது.

புதன்கிழமை 7 மணிக்கு மருமகள் வந்தபோது சோறு குக்கரில் வெந்திருந்தது. அரிசியைக் களைந்து ஏற்றியது பெண்தான், இரண்டாவது விசிலுக்கு அணைத்தது பாட்டி. மிளகாயை கிள்ளி விதை உதறும் வேலை கணவருக்குப் போனது. உதறிய கையோடு கண்ணைக் கசக்கி, வீடே சிரிக்க, அவர் முகம் கழுவப் போனார். மிளகாய் கிள்ளுகிறவர் கையில் முன்கூட்டியே கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்வது நல்லது, முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவுவது இன்னும் நல்லது.

7.20க்கு வாணலி அடுப்பில் ஏறியது. 7.30க்குக் கறிவேப்பிலை வாசம் வாசல்வரை போய், பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “என்ன, இன்னிக்கே ஞாயித்துக்கிழமையா?” என்று கேட்டார். 7.45க்குத் தேங்காய்ச் சில்லு விழுந்தது. 8 மணிக்குச் சற்று முன்பாக ஐந்து தட்டும் கூடத்தில் இருந்தன.

மூன்றாம் வகுப்புக்காரன் தூங்கவில்லை. கறியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, தேங்காய்ச் சில்லை மட்டும் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தான். அக்கா தட்டிலிருந்தும் ஒன்றை எடுத்தபோதுதான் சண்டை ஆரம்பித்தது.